தோட்டத்து லேண்ட் ரோவரும் தார் பூசிய செஸியும்



எல்லயில் சுற்றுலாப் பயணிகளின் கூட்டம் கூடக் கூட, நமது வியாபாரிகள் மத்தியில் ஒரு புதிய ஆசை பிறந்திருக்கிறது. "நானா, தோட்டத்துல ஒரு பழைய லேண்ட் ரோவர் கெடக்குதாம். எடுத்துப் போட்டா என்ன?" ஜும்ஆ முடிந்து பள்ளிவாசல் படியில் செருப்புத் தேடும்போது இக்கேள்வியை இரண்டு மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். ஒருவர் பலசரக்குக் கடை வைத்திருப்பவர். மற்றொருவர் ஹாட்வெயார். வாகனத் தொழிலோடு இருவருக்கும் சம்பந்தமில்லை.

எடுக்கலாம் என்பதுதான் என் பதில். ஆனால் அதில் லாபம் எங்கே இருக்கிறது, நஷ்டம் எங்கே ஒளிந்திருக்கிறது என்று தெரிந்துகொண்டு எடுக்க வேண்டும். நான் தெரியாமல் எடுத்தவன். அதனால்தான் எழுதுகிறேன்.

முதலில் இந்த வாகனம் என்னவென்று பார்ப்போம். நம் ஊரில் நாலு சில்லும் இழுக்கும் எதுவானாலும் அதற்கு ஜீப் என்றுதான் பெயர். லேண்ட் ரோவர் வேறு. இரண்டாம் உலக யுத்தம் முடிந்த கையோடு இங்கிலாந்தில் ரோவர் கம்பெனியார், அமெரிக்க ஜீப்பைப் பார்த்து, விவசாயிகளுக்கென்று செய்த வண்டி இது. 1948 ஏப்ரல் 30ஆம் திகதி அம்ஸ்டர்டாம் கண்காட்சியில் முதன்முதலாக வெளியே காட்டினார்கள். அப்போது அங்கே இரும்புத் தகட்டுக்குப் பெரிய தட்டுப்பாடு. ஆகவே பொடியை அலுமினியக் கலவைத் தகட்டில் செய்தார்கள். ஆனால் செஸி இரும்பு. நாலு தகட்டைப் பெட்டி போல வெல்டிங் பண்ணிச் செய்த இரும்பு. இதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கட்டுரையின் மீதிக் கதை முழுவதும் இதில்தான் இருக்கிறது.

ஊவாவின் தேயிலைத் தோட்டங்களுக்கு இவ்வண்டி பொருந்தியதில் ஆச்சரியமில்லை. பசறை, நமுனுகுல, ஹப்புத்தளை, தெமோதரைப் பக்கத்துத் தோட்டப் பாதைகளில் மழைக் காலத்தில் வேறு எது ஏறும்? மஞ்சள் குமிழை அமுக்கினால் நாலு சில்லும் பிடிக்கும். சிவப்புப் பிடியை இழுத்தால் மெல்லிய கியரில் சுவரிலும் ஏறும் என்று தோட்டத்து டிரைவர்மார் பெருமையாகச் சொல்வார்கள். துரைமாரை ஏற்றியது, சம்பளப் பணத்தை ஏற்றியது, நடு இரவில் பிரசவ வேதனையில் துடித்த பெண்களை ஆஸ்பத்திரிக்கு ஏற்றியதும் இதுதான்.

1975இல் கம்பெனித் தோட்டங்கள் அரசாங்கத்தின் கைக்குப் போயின. 1992இல் 22 பிராந்தியக் கம்பெனிகளை உருவாக்கி நிர்வாகத்தை மீண்டும் தனியாரிடம் கொடுக்கும் வேலை ஆரம்பமாயிற்று. இப்படிக் கை மாறிய போதெல்லாம் பழைய வாகனங்கள் கவனிப்பாரின்றி பெக்டரிக்குப் பின்னாலும் கருப்பந்தேயில் மரத்தடியிலும் ஒதுங்கிக்கொண்டன. சில டெண்டரில் போயின. சில இரும்புக்குப் போயின. சிலவற்றுக்குள் கோழி அடைகாக்கிறது. மிகைப்படுத்தவில்லை, நான் கண்ணால் கண்டது.

நான் எடுத்த வண்டி 1960களில் வந்த 88 அங்குலக் குட்டை வண்டி, சீரிஸ் 2ஏ. 2286 சீசீ பெற்றோல் எஞ்சின். ஸ்ரீ இலக்கம். தோட்டத்திலிருந்து நேராக வரவில்லை. இடையில் ஒரு தரகு வியாபாரி வாங்கி, பச்சை பெயின்ட் அடித்து, செஸிக்குக் கறுப்புத் தார் பூசி நிறுத்தி வைத்திருந்தார். 2021 ஜூலை மாதம் அது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றுபோய், ஓட்டை வாகனத்துக்கும் பொன் விலை பேசிய காலம். என் மைத்துனர் பணம் போட, உழைப்பும் ஓட்டமும் என்னுடையது, லாபத்தில் அவருக்கு அறுபது வீதம் எனக்கு நாற்பது என்று முழாரபா முறையில் எழுதிக் கையொப்பமிட்டு இறங்கினோம். ஒன்பதரை இலட்சம் கொடுத்தோம்.

பார்க்கப் போன நாள் வெள்ளிக்கிழமை. வெள்ளைச் சாரனும் வெள்ளைச் சேர்ட்டுமாக ஜும்ஆவிலிருந்து நேரே போயிருந்தேன். ஓய்வுபெற்ற தோட்டத்து டிரைவர் ஒருவரையும் கூட்டிப் போனேன். அவருக்கு எழுபது வயதுக்கு மேல், குனிய முடியாது. பொனட்டைத் திறந்து எஞ்சினை நான் பார்த்துக்கொண்டிருக்க, அவர் பின்னால் நின்று சொன்னார்:

"மொதலாளி, எஞ்சின பாத்து என்னா செய்யப் போறீங்க? எஞ்சின மாத்தலாம். படுத்து அடிய பாருங்க."

"சரி அண்ணே, அடுத்த முறை வந்து பாப்பம்" என்றேன். உடுப்பு அழுக்காகும் என்ற ஒரே காரணம்தான். அடுத்த முறை போனது பணத்தோடு.

வண்டியை பண்டாரவளைக்குக் கொண்டுவந்து கராஜில் ஏற்றிய அன்று, டிங்கர் பாஸ் சின்னச் சுத்தியல் ஒன்றை எடுத்து செஸியை முன்னாலிருந்து பின்னால் தட்டிக்கொண்டே போனார். முன்பக்கம் கிண் கிண் என்று மணி போலக் கேட்டது. நடுவைத் தாண்டியதும் சத்தம் மாறி, பழைய மரப்பெட்டியைத் தட்டுவது போல் டொக் டொக் என்றது. பின் குறுக்குச் சட்டத்துக்கு வந்ததும் சுத்தியலே உள்ளே போய்விட்டது! தாரைச் சுரண்டிப் பார்த்தால் அதன் கீழே துணி, அதன் கீழே பெயின்ட் கடையில் விற்கும் பூச்சு, அதன் கீழே துருத் தூள். இரும்பு என்று ஒன்று இல்லை.

அலுமினியப் பொடி துருப்பிடிக்காது, ஆகவே வெளியே பார்க்க வண்டி இளமையாகவே இருக்கும். பெட்டிச் செஸியோ உள்ளே தங்கும் ஈரத்தால் உள்ளிருந்து வெளியே அரிக்கும். வெளியே ஓட்டை தெரியும்போது உள்ளே எல்லாம் முடிந்திருக்கும். பின் குறுக்குச் சட்டம், பொடியைத் தாங்கும் பக்கக் கைகள், வில் பொருத்தும் இடங்கள், டிரைவரின் கால் வைக்கும் தகடு ஆகிய இந்த நாலு இடங்களையும் தட்டிப் பாராமல் ஒரு சதமும் முற்பணம் கொடுக்காதீர்கள். ஒரு ஸ்க்ரூ டிரைவரால் குத்தியும் பாருங்கள். விற்பவர் குத்த விடமாட்டேன் என்றால் அதுவே பதில்.

எஞ்சின் விடயம் அத்தனை பயங்கரமல்ல. இந்த எஞ்சின் முரட்டுப் பிள்ளை. வருடக்கணக்கில் நின்றிருந்தாலும், பிளக்கைக் கழற்றி சிலிண்டருக்குள் எண்ணெய் விட்டுச் சில நாள் ஊறவைத்து, கையால் மெல்லச் சுற்றிப் பார்த்தால் பெரும்பாலும் அசையும். இறுகியிருந்தால் போர் அடிக்கலாம், கிராங் உராய்ந்து எடுக்கலாம். நம் லேத் பாஸ்மாருக்கு அது பழகிய வேலை. 1967க்கு முந்திய வண்டியாக இருந்தால் ஒரு சங்கதி, பெட்டரியின் பொசிட்டிவ் முனைதான் பொடிக்குப் போகும். நம் எலக்ட்ரீஷியன் பையன்கள் பழக்கத்தில் மாற்றிக் கொடுத்துவிட்டுப் பிறகு டைனமோவைக் குறை சொல்வார்கள். நட்டு போல்ட்டும் பெரும்பாலும் அங்குல அளவு. மில்லிமீட்டர் ஸ்பெனரை வைத்து இழுத்து முனை மழுங்கிய நட்டுகள் என் வண்டியில் எத்தனையோ.

உதிரிப் பாகங்களுக்கு பஞ்சிகாவத்தையே கதி. அங்கே நம்மவர் கடைகள் நிறைய. பழைய முதலாளிமார் பாகத்தைக் கையில் வாங்கிப் பார்த்தே எந்த வருட வண்டி என்று சொல்வார்கள். அந்த அறிவு புத்தகத்தில் இல்லை, அவர்களின் பிள்ளைகளிடமும் குறைந்து வருகிறது. பாகம் கழற்றாமல் வெறும் வாயால் பெயர் சொல்லி வாங்கப் போகாதீர்கள், நான் போய் இரண்டு முறை கோட்டை ரயிலில் வெறுங்கையோடு திரும்பினேன்.

நாலு மாதம், ஆறு இலட்சம் என்று மதிப்பிட்டேன். பிடித்தது பத்தொன்பது மாதம். 2022 வந்தது. 200 ரூபா அளவில் இருந்த டொலர் மே மாதத்துக்குள் 360 ரூபா வரை ஏறியது. காலையில் கேட்ட விலையை மாலையில் கடைக்காரரே மறுத்தார். அவரில் குற்றமில்லை. மார்ச் கடைசியில் நாளுக்குப் பதின்மூன்று மணித்தியாலம் மின்வெட்டு. மின்சாரமில்லாமல் வெல்டிங் எங்கே? பாஸ் கராஜ் வாசலில் உட்கார்ந்து வெற்றிலை போட்டார். வாரச் சம்பளத்தை நான் நிறுத்தவில்லை. நிறுத்தியிருந்தால் அவர் வேறு தொழிலுக்குப் போயிருப்பார், வண்டி இரும்புக்குப் போயிருக்கும்.

அந்த ஏப்ரல் 8ஆம் திகதி மத்திய வங்கி தன் கொள்கை வட்டியை ஒரே தடவையில் ஏழு வீதப் புள்ளிகளால் உயர்த்தியது. வட்டிக்குக் கடன் எடுத்து இதே வேலையைச் செய்த ஒருவரை எனக்குத் தெரியும். பாதி வேலையில் வண்டியை விற்றார், கடன் மட்டும் மிஞ்சியது. வட்டி ஹராம் என்பதை நான் சொல்லி நீங்கள் அறிய வேண்டியதில்லை. எப்போது முடியும் என்று எவராலும் சொல்ல முடியாத வேலைக்கு மாதாமாதம் ஓடும் கடன் வியாபாரக் கணக்குப்படியும் பொருந்தாது. பங்காளியோடு செய்யுங்கள், அல்லது சும்மா கிடக்கும் சொந்தப் பணத்தில் செய்யுங்கள்.

கணக்குக் கொப்பியை அப்படியே தருகிறேன். செஸியும் கால் தகடும் 3 இலட்சத்து 90 ஆயிரம். எஞ்சின் 3 இலட்சத்து 60. பிரேக் 1 இலட்சத்து 85. கியர் பொக்ஸும் அச்சுகளும் 1 இலட்சத்து 70. ஐந்து டயர் 1 இலட்சத்து 90. வயரிங், சீட், ஹூட், பெயின்ட் எல்லாமாக 1 இலட்சத்து 80. கூட்டினால் 14 இலட்சத்து 75 ஆயிரம். வாங்கிய விலையோடு 24 இலட்சத்து 25 ஆயிரம். இதில் என் ஓட்டம், பஸ் காசு, இழந்த நாட்கள் சேரவில்லை.

2023 ஜூனில் கொழும்பிலிருந்து ஒருவர் வந்தார். வண்டியைச் சுற்றி வந்தார், ஓட்டிப் பார்த்தார், முப்பது இலட்சம் என்று அவரே வாய்திறந்தார். பிரச்சினை என்னவென்றால், செஸியில் முன்பாதி நல்லது, பின் குறுக்குச் சட்டம் புதிதாகச் செய்தது, நடுவில் இரண்டு இடங்களில் பழைய இரும்பின் மேல் தகடு ஒட்டியிருந்தது. உறுதியான ஒட்டுத்தான், ஆனாலும் ஒட்டு ஒட்டுத்தான். வெல்டிங் முடிந்ததும் துருப் பிடிக்காமலிருக்க நாமும் தார்தான் பூசியிருந்தோம். வெளியே பார்த்தால் எதுவும் தெரியாது.

மைத்துனர் என்னை ஒரு பக்கம் இழுத்தார். "நானா, வாங்குறவன் பாத்து வாங்கட்டும். அவர் கேக்கல்ல, நாம சொல்லல்ல. இதுல பொய் எங்க இருக்கு? நமக்கு வித்தவன் சொன்னானா?"

இவ்வாதத்தை மைத்துனர் மட்டுமா சொல்கிறார்? நமது வாகன வியாபாரிகளில் பலரும் இதைத்தான் சொல்கிறார்கள். ரசீதில் 'இருக்கிற நிலையில்' என்று ஒரு வரி எழுதிவிட்டால் பொறுப்பு முடிந்தது என்பது இன்னொரு நம்பிக்கை. நான் ஆலிமல்ல. ஆனால் இதைப் பற்றி நான் கேட்ட மௌலவி சொன்னது, விற்பவனுக்குத் தெரிந்த குறையை மறைக்க அந்த வரி கவசமாகாது, குறை வெளிப்பட்டால் பொருளைத் திருப்பிக் கொடுக்கும் உரிமை வாங்கியவனுக்கு உண்டு என்பதுதான். உங்கள் ஊர் உலமாக்களிடமும் கேட்டுக்கொள்ளுங்கள்.

நபி (ஸல்) அவர்கள் சந்தையில் ஒரு தானியக் குவியலுக்குள் கையை விட்டு, உள்ளே ஈரத்தைக் கண்ட சம்பவம் ஸஹீஹ் முஸ்லிமில் இருக்கிறது. மழையில் நனைந்துவிட்டது என்று வியாபாரி காரணம் சொன்னார். காரணம் உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் ஈரத்தை மக்கள் பார்க்கும்படி மேலே வைத்திருக்க வேண்டாமா என்பதே அவரிடம் கேட்கப்பட்டது. மழை பெய்தது அவர் குற்றமில்லை. காய்ந்ததை மேலே போட்டதுதான் குற்றம். செஸி துருப்பிடித்தது நம் குற்றமா? இல்லை. அப்படியென்றால் தார்?

சொன்னேன். படுத்துப் பார்க்கச் சொல்லி டோர்ச்சும் கொடுத்தேன். வேலை நடந்தபோது கராஜ் பையன் எடுத்திருந்த படங்களையும் காட்டினேன். அவர் எழுந்து உடுப்பைத் தட்டிவிட்டு, யோசித்துச் சொல்கிறேன் என்று போனார், பிறகு பேசவேயில்லை. மைத்துனர் இரண்டு வாரம் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. அந்தக் கோபத்தில் நியாயம் இருக்கிறது, பணம் அவருடையது.

இரண்டு மாதம் கழித்து, எல்லயில் தங்குமிடம் நடத்தும் ஒருவர் 26 இலட்சத்து 50 ஆயிரத்துக்கு எடுத்தார். லாபம் 2 இலட்சத்து 25 ஆயிரம். மைத்துனருக்கு ஒரு இலட்சத்து 35, எனக்குத் தொண்ணூறாயிரம். இரண்டு வருட அலைச்சலுக்கு இது லாபமே இல்லை என்று எவரும் சொல்லலாம், நானும் மறுக்கமாட்டேன். ஆனால் கணக்கைப் பாருங்கள். லாபம் குறைந்தது விற்ற அன்றைய உண்மையால் மட்டுமல்ல. வாங்கிய அன்று படுத்துப் பார்த்திருந்தால் ஒன்பதரைக்குப் பதில் ஆறுக்குப் பேசியிருப்பேன். மறைத்தால் கிடைத்திருக்கக்கூடிய மூன்றரை இலட்சத்தை நான் வெள்ளைச் சாரனிலேயே இழந்துவிட்டேன்.

இனி புத்தகம். குர்ஆன் கிதாபைச் சொல்லவில்லை, வாகனப் புத்தகம். செஸியைப் போலவே இதையும் தட்டிப் பார்க்க வேண்டும். தோட்ட வாகனங்களின் பதிவு சில வேளை இன்று உலகத்திலேயே இல்லாத ஒரு கம்பெனியின் பெயரில் நிற்கும். வெறுமையாகக் கையெழுத்து மட்டும் போட்ட மாற்றப் படிவத்தோடு நாலு கை மாறியிருக்கும். இந்த மாடலின் செஸி இலக்கம் முன்பக்க வலது வில் பொருந்தும் இடத்துக்கு அருகே அடிக்கப்பட்டிருக்கும். துருவைத் தேய்த்து எழுத்தெழுத்தாக ஒப்பிட்டுப் பாருங்கள். ஜப்பான் டீசல் எஞ்சின் மாற்றியிருந்தால் அது மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதிவாகியிருக்கிறதா என்றும் பாருங்கள். 2022இல் எரிபொருளுக்கு கியூஆர் முறை வந்தபோது, வாகன இலக்கத்தோடு செஸி இலக்கத்தையும் பதியச் சொன்னார்கள். அன்றுதான் பலருக்குத் தம் வண்டியும் புத்தகமும் வேறு வேறு என்று தெரிய வந்தது. பெற்றோல் செட்டில் நின்று தலையைச் சொறிந்தார்கள்.

வண்டியே இல்லாமல் புத்தகத்தையும் இலக்கத் தகட்டையும் மட்டும் விற்கும் வேலையும் நடக்கிறது. இறக்குமதி நின்றிருந்த வருடங்களில் அதற்கு நல்ல கிராக்கி. செத்தவனின் அடையாள அட்டையை உயிரோடிருப்பவனுக்கு விற்பது போன்றது அது. அதில் கை வைக்காதீர்கள். பிடிபட்டால் அரசாங்கம் வாகனத்தை எடுத்துக்கொள்ளும் என்பது பிறகு.

2025 பெப்ரவரியில் இறக்குமதி மீண்டும் திறந்ததும் லேண்ட் ரோவர் விலையும் விழும் என்று சிலர் அவசரப்பட்டு விற்றார்கள். புதிய ஜப்பான் வாகனம் வந்தால் பழைய ஜப்பான் வாகனத்துக்கு அடி விழலாம். லேண்ட் ரோவரின் அந்தப் பரம்பரை 2016 ஜனவரியோடு சொலிஹல் தொழிற்சாலையில் நின்றுபோனது, இனி யாரும் செய்யப் போவதில்லை. வாங்குபவர் போக்குவரத்துக்காக வாங்குவதில்லை, ஆசைக்காக வாங்குகிறார். ஆகவே அவருக்கு அவசரமில்லை. உங்களுக்கும் இருக்கக் கூடாது.

வண்டியை விற்காமல் ஓடவிட்டும் உழைக்கலாம். டார்ஜிலிங் பக்கம் மானேபஞ்சாங்கிலிருந்து சந்தக்பூ மலைக்கு 1950களின் லேண்ட் ரோவர்கள் பயணிகளை ஏற்றியே பெயர் பெற்றன. மலேசியாவின் கமரன் மலையில் மரக்கறித் தோட்டக்காரர்கள் பழைய லேண்ட் ரோவரில் கோவாவும் தக்காளியும் ஏற்றுகிறார்கள். அவையும் தேயிலை மலைகள்தாம். எல்ல ரயில் நிலையத்திலிருந்து ஒன்பது வளைவுப் பாலத்துக்கும், ஹப்புத்தளையிலிருந்து லிப்டன் சீட்டுக்கும் பயணிகள் இத்தகைய வண்டியில் ஏறத் தயாராக இருக்கிறார்கள் என்பது உண்மை.

ஆனால் ஆள் ஏற்றுவதென்றால் பிரேக்கைப் பற்றித் தனியாகப் பேச வேண்டும். இந்தப் பழைய மாடல்களில் நாலு சில்லுக்கும் டிரம் பிரேக், எண்ணெய்க் குழாய் ஒரே தொடர். ஒரு இடத்தில் கசிந்தால் பெடல் தரைக்குப் போகும். 2025 செப்டெம்பர் 4ஆம் திகதி இரவு எல்ல - வெல்லவாய வீதியில் பஸ் ஒன்று பள்ளத்தில் விழுந்து 15 பேர் இறந்ததை நாம் மறக்கவில்லை. அதன் காரணத்தை நான் இங்கே பேசவில்லை. அந்த இறக்கம் எப்படிப்பட்டது என்பதை மட்டும் நினைவூட்டுகிறேன். குழாய்கள், சிலிண்டர்கள், ஷூ எல்லாவற்றையும் புதிதாகப் போடாமல், கூலிக்கு ஆள் ஏற்றுவதற்குரிய காப்புறுதியும் எடுக்காமல், ஒரு பயணியையும் ஏற்றாதீர்கள். பெயின்டில் மிச்சம் பிடியுங்கள். என் வண்டியை எடுத்தவரிடமும் இதைச் சொல்லித்தான் சாவியைக் கொடுத்தேன். அவர் அதைத் தோட்டத்து வாசலில் அழகுக்கு நிறுத்தி, விருந்தாளிகளை ரயில் நிலையத்திலிருந்து மட்டும் ஏற்றி வருகிறார்.

மைத்துனர் இப்போது சமாதானம். போன மாதம் அவரே ஒரு செய்தி கொண்டுவந்தார். நமுனுகுலப் பக்கத் தோட்டமொன்றில் 109 அங்குல நீட்டு வண்டி ஒன்று கிடக்கிறதாம், டெண்டர் வரப்போகிறதாம், புத்தகம் கம்பெனிக் காரியாலயத்தில் பத்திரமாக இருக்கிறதாம். பார்க்கப் போக நாள் கேட்டார். செவ்வாய்க்கிழமை என்றேன். பழைய சாரன் ஒன்றையும் சுத்தியலையும் பையில் எடுத்து வைத்திருக்கிறேன். டிரைவர் அண்ணனும் வருவதாகச் சொல்லியிருக்கிறார்.